சிறு விமானப் பயணமும் உயிர் இடரும்: ஒரு வரலாற்றுப் பார்வை

பினாங்கில் வாழும் நமக்கு விமானம் புதிய காட்சியன்று. பாயான் லெப்பாசை நோக்கித் தாழ்ந்து வரும் விமானங்களைப் பிள்ளைகள் அன்றாடம் காண்கின்றனர். கட்டுரைப் பயிற்சியில் ‘என் எதிர்கால ஆசை’ என்று தலைப்புக் கொடுத்தால், வகுப்புக்கு ஓரிருவராவது விமானி ஆகப் போவதாக எழுதுவது வழக்கம். அவ்வாசையைக் கண்டு மகிழாத ஆசிரியர் இரார்.

ஆயினும், 2023 ஆகஸ்டு 17ஆம் நாள் லங்காவியிலிருந்து சுபாங் சென்ற சிறு விமானம் ஒன்று சிலாங்கூரின் எல்மினா பகுதியில் சாலையில் விழுந்து பத்துப் பேர் உயிரிழந்த பின்னர், பெற்றோர் சிலரின் பேச்சில் ஓர் அச்சம் புகுந்துவிட்டது. “பெரிய விமானத்தில் வேலை என்றால் சரி, ஆசிரியரே. ஆனால் எல்லாரும் சிறிய விமானத்தில்தானே பழக வேண்டும்? அதில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது?” என்பது அவர்களின் கேள்வி. நேர்மையான கேள்வி. “பயப்படாதீர்கள்” என்று ஒற்றைச் சொல்லில் விடை கூறுவதும், “வேண்டாம், விட்டுவிடுங்கள்” என்று தடுப்பதும் ஆசிரியருக்கு அழகல்ல. நூறாண்டுக்கும் மேற்பட்ட வான்பயண வரலாறு இக்கேள்விக்குத் தெளிவான விடையை வைத்திருக்கிறது. அதனை ஒழுங்குபடுத்திச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடக்கக் காலம்

ரைட் உடன்பிறப்புகள் 1903இல் முதன்முதலாகப் பறந்தனர். ஐந்தாண்டுகூட நிறைவடையவில்லை, 1908 செப்டம்பர் 17ஆம் நாள் ஆர்வில் ரைட் ஓட்டிய விமானம் அமெரிக்காவின் ஃபோர்ட் மையர் எனுமிடத்தில் விழுந்தது. ஓட்டியவர் படுகாயத்தோடு பிழைத்தார். அவரோடு பயணம் செய்த தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் என்னும் படை அதிகாரி இறந்தார். இயந்திர விமானத்தில் உயிர்நீத்த முதல் மனிதர் அவரே. முதல் பலி விமானி அல்லர், பயணி என்பதை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். இக்கட்டுரையின் இறுதியில் அச்செய்தி நமக்குத் தேவைப்படும்.

தமிழ் மண்ணிலும் இக்கலை விரைவிலேயே கால்பதித்தது. சென்னையில் தங்குவிடுதி நடத்தி வந்த கோர்சிகாத் தீவினரான ஜியாகோமோ தி ஆஞ்சலிஸ் என்பவர், தாமே வடிவமைத்த விமானத்தை 1910ஆம் ஆண்டில் சென்னைத் தீவுத்திடலில் பொதுமக்கள் காணப் பறக்கவிட்டார். 1932 அக்டோபர் 15ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் மூட்டையோடு பறந்து வந்தார். அம்மூட்டையைப் பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தவர் அவருடைய கூட்டாளியாகிய நெவில் வின்சென்ட். இருவர் ஓட்டியதும் ஒற்றை இயந்திரம் பூட்டிய ‘புஸ் மாத்’ வகைச் சிறு விமானம். இன்று ஏர் இந்தியா என்று நாமறியும் நிறுவனத்தின் வித்து அவ்வஞ்சல் மூட்டைதான்.

பினாங்கும் 1930களும்

நம் தீவின் கதையும் அதே பத்தாண்டில் தொடங்குகிறது. பாயான் லெப்பாஸ் விமானத் தளம் 1935இல் அமைந்தது. 1936 மார்ச்சில் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் பினாங்கிலிருந்து ஹாங்காங்குக்கு விமான அஞ்சல் வழியைத் திறந்தது. 1937 ஜூனில் வியர்ன்ஸ் நிறுவனம் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு ஆகிய மூன்று நகரங்களையும் இணைத்துச் சேவையைத் தொடங்கியது.

இவ்விரு நிறுவனங்களும் எத்தகைய விமானங்களைப் பயன்படுத்தின என்பது கருதத்தக்கது. ஹாங்காங் வழியில் சென்ற ‘டொராடோ’ நான்கு இயந்திரங்கள் கொண்டது. வியர்ன்ஸ் நிறுவனத்தின் ‘டிராகன் ரேப்பிட்’ இரண்டு இயந்திரங்கள் கொண்டது. ஓர் இயந்திரம் நின்றுபோனாலும் மற்றொன்றின் துணை உண்டு. பயணிகளிடம் கட்டணம் பெற்று விமானம் நடத்துவோர், ‘ஒன்று தவறினால் இன்னொன்று’ என்னும் ஏற்பாட்டைத் தொடக்கத்திலேயே கைக்கொண்டுவிட்டனர். பின்னாளில் இரண்டு விமானிகள், வானொலித் தொடர்பு, வானிலை அறிக்கை, கட்டாய ஓய்வு நேரம் என்று அவ்வேற்பாடு வளர்ந்துகொண்டே வந்தது. இன்றைய வணிக விமானம் பாதுகாப்பாக இருப்பதற்குக் காரணம் அதன் பருமன் அன்று. இவ்வாறு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட காவல்களே.

தனி விமானியிடம் அவ்வடுக்குகள் இல்லை. அவரே விமானி; அவரே வழிகாட்டி; அவரே வானிலையைக் கணிப்பவர்; புறப்படலாமா வேண்டாமா என்று தீர்மானிப்பவரும் அவரே. இவ்வேறுபாட்டின் விலை என்ன என்பதைப் பாயான் லெப்பாஸ் தளம் அமைந்த அதே 1935ஆம் ஆண்டு உலகுக்குக் காட்டியது.

கிங்ஸ்ஃபோர்டு ஸ்மித்தின் இறுதிப் பயணம்

ஆஸ்திரேலியாவின் சார்லஸ் கிங்ஸ்ஃபோர்டு ஸ்மித் அக்காலத்தின் தலைசிறந்த விமானிகளுள் ஒருவர். 1928இல் பசிபிக் பெருங்கடலை அமெரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை வான்வழியே முதன்முதலாகக் கடந்தவர். அப்பயணத்தில் மூன்று இயந்திரம் பூட்டிய விமானமும், துணை விமானி, வழிகாட்டி, வானொலி இயக்குநர் என மூன்று தோழர்களும் அவருக்குத் துணைநின்றனர்.

1935இல் நிலைமை வேறு. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு மிக விரைந்து செல்லும் சாதனையை மீண்டும் தம் பெயருக்கு ஆக்கிக்கொள்ள விரும்பினார். இம்முறை ஒற்றை இயந்திரம் கொண்ட ‘லேடி சதர்ன் கிராஸ்’ விமானமும், டாமி பெத்திபிரிட்ஜ் என்னும் ஒரே துணைவரும் மட்டுமே உடன் இருந்தனர். அவருடைய உடல்நலமும் குன்றியிருந்தது. அக்டோபரில் புறப்பட்ட முதல் முயற்சியில், ஐரோப்பாவைக் கடக்கும்போதே ஆலங்கட்டி மழையில் சிக்கி விமானம் சேதமடைந்தது. அவர் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டார். நவம்பர் 6ஆம் நாள் மீண்டும் புறப்பட்டார். ஏதென்ஸ், பாக்தாத் வழியாக இரண்டு நாள்களுக்குள் அலகாபாத்தை அடைந்து, உடனே சிங்கப்பூர் நோக்கி இரவுப் பயணத்தைத் தொடங்கினார்.

அது வங்காள விரிகுடாவைக் கடந்து, பர்மாக் கரையோரமாக மலாய்த் தீபகற்பத்தை நோக்கித் தெற்கே இறங்க வேண்டிய பாதை. நவம்பர் 8ஆம் நாள் விடியற்காலைக்குப் பின் அவ்விமானத்தைக் கண்டவர் இல்லை. ஏறத்தாழ பதினெட்டு மாதங்கள் கழித்து, 1937இல், பர்மாக் கரையை ஒட்டிய ஆயே தீவின் அருகே அவ்விமானத்தின் ஒரு சக்கரக் கால் மட்டும் கிடைத்தது. இருவர் உடல்களும் இன்றுவரை கிடைக்கவில்லை.

அன்றிரவு அதே வான்வழியில் சென்றுகொண்டிருந்த ஜிம்மி மெல்ரோஸ் என்னும் இளம் ஆஸ்திரேலிய விமானி, தமக்கு மேலே கிங்ஸ்ஃபோர்டு ஸ்மித்தின் விமானம் கடந்து சென்றதைக் கண்டதாகக் கூறினார். காணாமற்போனவர்களைத் தேடும் பணியிலும் அவர் இறங்கினார். அடுத்த ஆண்டு, 1936 ஜூலை 5ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மோசமான வானிலையில் அவருடைய விமானம் வானிலேயே உடைந்து சிதறியது. உடன் சென்ற பயணி ஒருவரும் மாண்டார். மெல்ரோசுக்கு அப்போது அகவை 22.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். கிங்ஸ்ஃபோர்டு ஸ்மித்துக்குத் திறமை இல்லையா? உலகமே மெச்சிய திறமை. மெல்ரோசுக்கு ஆபத்து தெரியாதா? தம் கண்முன்னே நிகழ்ந்த இழப்பைத் தேடித் திரிந்தவர் அவர். திறமையும் அறிவும் மட்டுமே ஒருவரைக் காப்பாற்றிவிடும் என்றால் இவ்விருவரும் முதுமை எய்தியிருப்பர்.

எண்கள் சொல்வது

இனி, இன்றைய நிலைக்கு வருவோம். எவ்வளவு ஆபத்து என்ற கேள்விக்கு எண்ணால் விடை கூற முடியுமா? ஓரளவு முடியும்.

தனியார் சிறு விமானங்கள் உலகிலேயே மிகுதியாகப் பறக்கும் நாடு அமெரிக்கா. அங்கே பறக்கும் மணிநேரங்களும் விபத்துகளும் ஆண்டுதோறும் கணக்கிடப்படுகின்றன. அண்மைக் காலக் கணக்குகளின்படி, வணிகச் சேவை அல்லாத இத்தகைய பறத்தலில் ஒரு லட்சம் மணிநேரத்துக்கு ஏறத்தாழ ஓர் உயிரிழப்பு விபத்து நேர்கிறது.

இதனை ஆறாம் ஆண்டு மாணவர் போடக்கூடிய கணக்காக மாற்றுவோம். ஒருவர் ஆண்டுக்கு 100 மணிநேரம் வீதம் 30 ஆண்டுகள் பறக்கிறார் எனில், மொத்தம் 3,000 மணிநேரம். ஒரு லட்சத்தில் 3,000 என்பது நூற்றுக்கு மூன்று. அதாவது, அவ்வாறு வாழ்நாள் முழுதும் பறக்கும் நூறு பேரில் ஏறத்தாழ மூவர் உயிரிழப்பு விபத்தொன்றைச் சந்திக்க நேரலாம். ஒரேயொரு முறை, ஒரு மணிநேரம் பயணம் செய்பவருக்கோ அது லட்சத்தில் ஒன்று. வணிக விமானப் பயணத்தோடு ஒப்பிட்டால் இது பன்மடங்கு மிகுதி. “சிறிய விமானமும் பெரிய விமானத்தைப் போலவே பாதுகாப்பானது” என்று யாரேனும் கூறினால் அது உண்மையன்று.

மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். மலேசியச் சாலைகளில் அண்மைய ஆண்டுகளில் ஆண்டுக்கு ஆறாயிரம் பேருக்கு மேல் உயிரிழக்கின்றனர். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றோர். பதினாறு அகவை நிரம்பிய மகனுக்கு மோட்டார் சைக்கிள் உரிமம் எடுத்துக் கொடுக்கும் நாம், அந்த இடரைப் பழக்கத்தின் காரணமாக மறந்துவிடுகிறோம். பழகிய ஆபத்து சிறிதாகவும் பழகாத ஆபத்து பெரிதாகவும் தோன்றுவது மனித இயல்பு.

ஆனால் இவ்வெண்கள் எல்லாம் சராசரி. சராசரி என்பது கவனமுள்ளவரையும் கவனமற்றவரையும் ஒரே கூடையில் போட்டு எடுத்த எடை. வகுப்பின் சராசரி மதிப்பெண் அறுபது என்றால் ஒவ்வொரு மாணவரும் அறுபது பெற்றதாகப் பொருளில்லை என்பதை ஆசிரியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சிறு விமான விபத்துகளின் காரணங்களை ஆராய்ந்தோர் கண்ட உண்மை இது: பெரும்பான்மையானவை இயந்திரக் கோளாற்றால் நேர்வதில்லை, விமானியின் முடிவினாலோ செயலினாலோ நேர்கின்றன. இது அச்சமூட்டும் செய்தி. ஆறுதல் தரும் செய்தியும் ஆகும். மனிதன் முடிவில் பிறக்கும் ஆபத்தை மனிதன் முடிவினாலேயே குறைக்கவும் இயலும் அல்லவா?

புறப்படுமுன் நான்கு கேள்விகள்

இதனால்தான் இன்று விமானப் பயிற்சியில், புறப்படுமுன் நான்கு வகைக் கேள்விகளைத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளுமாறு மாணவர்களுக்குக் கற்பிக்கின்றனர். விமானி, விமானம், சூழல், வெளி நெருக்குதல் என்பன அந்நான்கு. திருக்குறளில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்திருப்பதைத் தமிழாசிரியர்கள் அறிவர். அவ்வரிசையை அறிந்தவருக்கு இந்நான்கு கேள்விகள் அயலாகத் தோன்றமாட்டா.

முதலாவது, விமானி. நான் இன்று பறக்கத் தகுதியான நிலையில் இருக்கிறேனா? நோய், மருந்து, மன அழுத்தம், மது, களைப்பு, கலக்கம் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே எண்ணிப் பார்க்க வேண்டும். உரிமம் என்பது ஒருநாள் பெற்ற தகுதி. இன்றைய நிலை என்பது அன்றன்று பெற வேண்டிய தகுதி. உடல்நலம் குன்றிய நிலையில், உறக்கம் துறந்து பறந்த கிங்ஸ்ஃபோர்டு ஸ்மித்தை இக்கேள்வியோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, விமானம். அது எந்தச் சுமையை, எவ்வாறு தாங்கும்? நம் நாட்டின் துயர வரலாற்றில் இதற்குச் சான்று உண்டு. 1976 ஜூன் 6ஆம் நாள், சபா முதலமைச்சர் துன் ஃபுவாட் ஸ்டீபன்ஸ் உள்ளிட்ட 11 பேரை ஏற்றி லாபுவானிலிருந்து வந்த ‘நோமாட்’ விமானம் கோத்தா கினபாலுவை நெருங்கும்போது விழுந்தது. அனைவரும் மாண்டனர். சதி என்ற ஐயம் பல்லாண்டுகள் பேசப்பட்டு வந்தது. 47 ஆண்டுகள் கழித்து, 2023இல் வெளியிடப்பட்ட ஆய்வறிக்கைகள் வேறு செய்தியைக் கூறின. விமானத்தின் பின்பகுதிச் சரக்கறையில் அளவுக்கு மீறிய சுமை வைக்கப்பட்டிருந்தது. அதனால் எடைமையம் பின்னோக்கி நகர்ந்து, இறங்கும் வேளையில் விமானம் கட்டுப்பாட்டை இழந்தது. மொத்த எடை மட்டுமன்று, அவ்வெடை எங்கே இருக்கிறது என்பதும் சிறு விமானத்தில் உயிர்நாடியான செய்தி. மயிலிறகே ஆயினும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதலில் வரும் உவமையை நம் மாணவர்கள் மனப்பாடம் செய்கின்றனர். அதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம் நாட்டு வரலாற்றில் இல்லை எனலாம்.

மூன்றாவது, சூழல். வானிலையும் நிலமும் இதில் அடங்கும். மழை மாலைகளில் ஜார்ஜ்டவுனிலிருந்து மேற்கே நோக்கினால், 833 மீட்டர் உயரமுள்ள பினாங்குக் கொடிமலை முற்றிலும் மேகத்தில் மறைந்துபோவதைக் காணலாம். தரையில் நிற்கும் நமக்கு அது அழகிய காட்சி. மேகத்துக்குள் சிக்கிய விமானிக்கோ மலை இருக்கும் இடமும் தெரியாது. தம் விமானம் நேராகப் பறக்கிறதா, சாய்ந்து பறக்கிறதா என்பதும் தெரியாது. கண் அடிவானத்தைக் காணாதபோது, உட்காதில் உள்ள நீர்மம் தரும் உணர்வு நம்மை ஏமாற்றிவிடும். விமானம் சாய்ந்து சுழன்று இறங்கிக்கொண்டிருக்கும்போதே அது நேராகச் செல்வதாக உடல் சொல்லும். 1954இல் அமெரிக்காவின் இலினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடத்தினர். கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பயிற்சி பெறாத 20 பேரை, மேகத்துக்குள் இருப்பதைப் போன்ற நிலையில் விமானம் செலுத்தச் செய்தனர். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்குச் சராசரியாக எடுத்த நேரம் 178 வினாடிகள். மூன்று நிமிடங்கள்கூட இல்லை.

1999 ஜூலை 16ஆம் நாள், முன்னாள் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகனாகிய இளைய ஜான் கென்னடி இதே காரணத்தால் இறந்தார். இரவு நேரம், கடலுக்கு மேலே மங்கிய வான், அடிவானம் தெரியவில்லை. பயிற்சியாளர் ஒருவர் உடன்வர முன்வந்தும், தனியே ஓட்டிச் செல்லவே விரும்புவதாக அவர் கூறியிருந்தார் என விசாரணை அறிக்கை பதிவு செய்துள்ளது. அவரோடு அவர் மனைவியும் மனைவியின் தமக்கையும் மாண்டனர். புகைமூட்டப் பருவங்களைப் பலமுறை கண்ட பினாங்கு மக்களுக்கு, வானும் கடலும் ஒரே சாம்பல் நிறமாகிவிடுவது எப்படி இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

நான்காவது, வெளி நெருக்குதல். இதுவே நான்கிலும் கண்ணுக்குத் தெரியாதது. “கூட்டம் காத்திருக்கிறது”, “நாளை வேலைக்குச் சென்றாக வேண்டும்”, “இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், திரும்பினால் சிரிப்பார்கள்” என்பன போன்ற எண்ணங்கள் மற்ற மூன்று கேள்விகளுக்கும் பொய்யான விடையைச் சொல்ல வைத்துவிடும். சாதனையை நாடிய கிங்ஸ்ஃபோர்டு ஸ்மித் அலகாபாத்தில் ஓய்வெடுக்காமல் இரவிலேயே புறப்பட்டதை இங்கும் நினைவுகூரலாம். பந்தயக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது களைப்பைப் பற்றிய கேள்வி காதில் விழுவதில்லை.

இவற்றோடு, தமக்கு எதுவும் நேராது என்னும் துணிவும் சேர்ந்துவிட்டால் இடர் பன்மடங்காகும். 1980 ஜூன் 23ஆம் நாள் சஞ்சய் காந்தி டில்லி வான்பரப்பில் ‘பிட்ஸ்’ வகைச் சாகச விமானத்தில் மிகத் தாழ்வான உயரத்தில் வித்தை காட்டும்போது விழுந்து இறந்தார். உடன் சென்ற கேப்டன் சுபாஷ் சக்சேனாவும் மாண்டார். உயரம் என்பது விமானிக்குச் சேமிப்புப் பணம் போன்றது. பிழை நேர்ந்தால் அதைச் செலவிட்டு மீளலாம். சேமிப்பே இல்லாதவருக்குச் சிறு பிழையும் முழு இழப்பாகிவிடும்.

இடர் யாருடையது?

“என் உயிர், என் விருப்பம்” என்று சிலர் கூறுவர். சிறு விமானத்தைப் பொறுத்தவரை அவ்வாதம் முழுமையாக நிற்காது.

‘அருணாச்சலம்’, ‘படையப்பா’ ஆகிய படங்களின் வழி நம் வீடுகளில் அறிமுகமான நடிகை சௌந்தர்யா, 2004 ஏப்ரல் 17ஆம் நாள் தேர்தல் பரப்புரைக்குச் செல்வதற்காகப் பெங்களூரின் ஜக்கூர் தளத்திலிருந்து சிறு விமானத்தில் புறப்பட்டார். மேலெழுந்த சிறிது நேரத்திலேயே விமானம் விழுந்தது. அவரும் அவர் உடன்பிறந்தவரும் உள்ளிட்ட நால்வர் மாண்டனர். பயணியாக ஏறுபவருக்கு விமானத்தின் எடையையோ, விமானியின் களைப்பையோ அளந்தறிய வழியில்லை. 1908இல் செல்ஃப்ரிட்ஜ் இருந்த அதே நிலையில்தான் ஒவ்வொரு பயணியும் அமர்ந்திருக்கிறார். தாம் எடுக்காத முடிவின் விளைவை அவர் ஏற்கிறார்.

எல்மினாவில் நிகழ்ந்ததோ இன்னும் கொடுமை. அங்கு மாண்ட பத்துப் பேரில் எண்மர் விமானத்தில் இருந்தோர். எஞ்சிய இருவர், அவ்வழியே தத்தம் வேலையாகச் சென்றுகொண்டிருந்த ஒரு கார் ஓட்டுநரும் ஒரு மோட்டார் சைக்கிளோட்டியும் ஆவர். தரையிறங்கிய பின்னரே விரிக்க வேண்டிய இறக்கைத் தடுப்புகள், தரையிறங்குமுன் செய்யும் சரிபார்ப்பின்போது வானிலேயே தவறுதலாக விரிக்கப்பட்டதே விபத்துக்குக் காரணம் என்று 2024இல் வெளியான இறுதி அறிக்கை கூறியது. ஒரு கை, ஒரு விசை, ஒரு கணம். அவ்வளவே. அதன் விலையைச் சாலையில் சென்றவரும் செலுத்தினர்.

இத்தகைய அறிக்கைகள் எவரையும் தண்டிப்பதற்காக எழுதப்படுவன அல்ல. அனைத்துலக உடன்பாட்டின்படி, விமான விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் மீண்டும் அவ்வாறு நேராமல் தடுப்பதே. பழி சுமத்துவது அதன் வேலையன்று. பிழையை மறைக்காமல் எழுதி வைத்து அடுத்தவர் கற்கச் செய்யும் இவ்வழக்கத்தால்தான் வான்பயணம் இவ்வளவு முன்னேறியது. நம் வகுப்பறைகளிலும் மாணவரின் பிழையை இவ்வாறே அணுகினால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும்

மீண்டும் பெற்றோரின் கேள்விக்கு வருவோம். பிள்ளை விமானியாக விரும்பினால் தடுக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. பயிற்சிப் பறத்தல் பயிற்றுநரின் கண்காணிப்பில், திட்டமிட்ட வானிலையில், படிப்படியாக நடைபெறுவது. தனி விமானி உரிமத்துக்கு அனைத்துலக அளவில் குறைந்தது 17 அகவையும் 40 மணிநேரப் பறப்பும் தேவை. ஆனால், அந்நாற்பது மணிநேரம் கற்றலின் தொடக்கமே என்பதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே உணர்த்த வேண்டும். உரிமம் கைக்கு வந்தபின், பயிற்றுநர் உடன் இல்லாத நாள்களில் எடுக்கும் முடிவுகளில்தான் இடர் கூடுவதும் குறைவதும் அமைகின்றன.

நண்பரோ உறவினரோ தம் சிறு விமானத்தில் அழைத்துச் செல்வதாகக் கூறினால், தயங்காமல் கேளுங்கள்: அண்மையில் எப்போது பறந்தீர்கள்? இன்றைய வானிலை என்ன? எங்கள் எடையையும் பெட்டிகளின் எடையையும் கணக்கில் சேர்த்தீர்களா? பாதி வழியில் மேகம் சூழ்ந்தால் என்ன செய்வீர்கள்? நல்ல விமானி இக்கேள்விகளால் சினம் கொள்ளமாட்டார்; மகிழ்வார். சினம் கொள்பவரோடு பயணம் செய்ய வேண்டாம்.

இவற்றினும் முதன்மையான ஒன்று உண்டு. அது விமானப் பள்ளியில் தொடங்குவதன்று. வீட்டிலும் தமிழ்ப்பள்ளியிலும் தொடங்குவது. “எடுத்த காரியத்தை எப்பாடுபட்டாவது முடித்துவிடு” என்றே பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். பெரும்பாலான செயல்களுக்கு அது நல்லறிவுரைதான். ஆனால், சூழல் மாறிவிட்டது என்று கண்டு பாதி வழியில் திரும்புவதும் ஓர் ஆற்றல் என்று நாம் கற்பிப்பது மிகக் குறைவு. போட்டியிலிருந்து உடல்நலம் கருதி விலகிய மாணவரை நாம் பாராட்டுகிறோமா? மழை வலுக்கிறது என்று மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, “தாமதமாக வருகிறேன், அம்மா” என்று தொலைபேசியில் சொல்லும் மகனைக் கடிந்துகொள்கிறோமா, மெச்சுகிறோமா? அவன் நாளை விமானியாகும்போது எடுக்கும் முடிவு அங்கேதான் உருவாகிறது.

கிங்ஸ்ஃபோர்டு ஸ்மித் 1935 அக்டோபரில் ஆலங்கட்டி மழையில் சிக்கியபோது சாதனையைக் கைவிட்டுத் திரும்பினார். அம்முறை அவரும் உயிரோடு இருந்தார்; உடன் சென்ற பெத்திபிரிட்ஜும் உயிரோடு இருந்தார். வரலாற்று நூல்கள் அத்திரும்புதலை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. நம் பிள்ளைகளுக்கு நாம் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டிய வரி அதுவே.